பானுமதி காதில் விழுந்த விரிசல்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் போகிற எத்தனையோ பெண்களில் பானுமதியும் ஒருத்தி. சூளையில் வெந்து ஆறிய கோப்பைகளை இரண்டிரண்டாக எடுத்து லேசாக மோதிப் பார்ப்பது அவள் வேலை. நல்ல கோப்பை மணி போல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். எட்டு வருஷமாக அவள் காது இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கணவன் சக்கரபாணி, இரண்டு சிடி பிளேயரும் பாட்டுகளைக் கலக்கிற ஒரு மிக்சரும் வைத்துக் கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போடுகிறவன். 2006-இல் பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமைகளுக்கு டிஜே தேடினார்கள். மானேஜர் குருமூர்த்தி ஒரு லண்டன் பாட்டைக் கொடுத்து, “இதோட உங்க பாட்டு ஒண்ண சேக்கணும். சேந்த எடம் தெரியக் கூடாது” என்றார். சக்கரபாணி சேர்த்துக் காட்டினான். “தாளம் சரியாத்தான் இருக்குது. ஆனா என்னமோ கடிக்குது. அடுத்த வாரம் இன்னொரு தரம் வாங்க, அதோட சரி” என்று அனுப்பிவிட்டார்.

என்ன கடிக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மண்டபத்தை விட்டு வெளியே போக அவனுக்கு இருந்த ஒரே வாசல் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டான்.

“என்னா பாட்டுங்க இது? நொண்டி நொண்டி ஓடுது.”

“இந்த மாதிரி டான்ஸ் பாட்டுக்குப் பேரு கராஜ்.”

“வண்டி வுடுற எடமா?”

“சிரிக்காத பானு. என் பொழப்பே இதுலதான் இருக்குது.”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தாளம் தடுக்கி விழப் போகிற நேரத்தில் அடியிலிருந்து கனத்த பேஸ் ஒலி வந்து தாங்கிக்கொண்டது. மேலே ஒரு பெண் குரல் துண்டு துண்டாகப் பறந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்து இந்த ஓட்டு வீட்டுக்குள் பாடுகிறாள் என்று நினைத்ததும் பானுமதிக்குக் கை மயிர் சிலிர்த்தது.

சக்கரபாணி தன் பாட்டின் வேகத்தை லண்டன் பாட்டுக்குச் சமமாக ஏற்றி உள்ளே விட்டான்.

“விரிசல்” என்றாள். “தனித்தனியா நல்லாருக்குது. மோதுனா டொக்குங்குது.”

“ரெண்டும் ஒரே சுருதிதான். தேடித் தேடி எடுத்தேன்.”

“வேகத்த ஏத்தாம போடுங்க.”

தாளம் தறிகெட்டது, ஆனால் சுருதி பொருந்தியது. வேகத்தை ஏற்றினால் சுருதி பிரிந்தது.

“வேகம் ஏறுறப்ப பாட்டோட தொண்டையும் மேல ஏறுதுங்க. நீங்க ஏத்துறதுக்கு முந்தியே பாத்து எடுத்திருக்கீங்க.”

இத்தனை வருஷம் அவன் அப்படித்தான் செய்திருந்தான். மண்டபத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று முழுக்க, வேகம் ஏற்றும்போது சமமாகும்படி, லண்டன் பாட்டைவிட அரைச் சுருதி கீழே இருக்கும் பாட்டாகத் தேடினார்கள். பதினொன்றை அவள் தள்ளினாள். பன்னிரண்டாவது ஒரு நாதஸ்வரப் பாட்டு. சும்மா போட்டால் கடித்தது, வேகம் ஏற்றினால் கரைந்தது.

அடுத்த வாரம் அவளும் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். ஓட்டலில் இருந்தவை புது பிளேயர்கள். லண்டன் பாட்டு ஸ்பீக்கரில் ஓட, நாதஸ்வரத்தை முதலில் ஹெட்போனில் மட்டும் கேட்டார்கள், ஆளுக்கொரு காதாக.

“வெளிய வுடாதீங்க. டொக்குங்குது.”

வீட்டில் பொருந்திய அதே பாட்டு. லண்டன் பாட்டு முடிய ஒரு நிமிஷம்தான் இருந்தது.

“வேகம் ஏறிட்டுது, தொண்டை ஏறல. எதுவோ புடிச்சு வச்சிருக்குது” என்றாள். அவர்கள் வீட்டு பிளேயரில் இல்லாத ஒரு சிவப்பு விளக்கு இதில் எரிந்தது. “இது என்னாங்க?”

வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத பட்டன் அது. அமுக்கினான். விளக்கு அணைந்தது, நாதஸ்வரம் அரைச் சுருதி மேலே ஏறி அந்தப் பெண் குரலின் பக்கத்தில் போய் நின்றது. மிக்சரைத் திறந்தான்.

எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று பானுமதிக்கே தெரியவில்லை. லண்டன் தாளம் நொண்டிக்கொண்டே இருக்க, அந்தப் பெண்ணின் குரல் நாதஸ்வரமாகவே மாறிவிட்டது போல இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர்கள் ஒரே மூச்சு விட்டன. பானுமதி தன் மூச்சை விட மறந்திருந்தாள்.

குருமூர்த்தி பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு, “சனிக்கெழம வந்துடுங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

“எனக்கு அன்னிக்கு அரை நாள் வேல இருக்குதுங்க” என்றாள் பானுமதி. “மூணு மணி பஸ்ஸுக்கு வரோம்.”