ஓடும் பேருந்தில் மக்களவை

கயத்தாறில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவர், லைட்டர்கள் பெருகியதால் மூடும் நிலைக்கு வந்துவிட்ட தீப்பெட்டி ஆலையின் முதலாளி. கைபேசியில் மக்களவை நேரலை. திரையில் உறுப்பினர் எழுந்தால் இவரும் எழுவார்; அவைத்தலைவர் உட்காரச் சொன்னால் உட்காருவார்.

"அஞ்சு வருசமா நம்ம தீப்பெட்டிக் கேள்வி வரும்போதெல்லாம் கூச்சல் போட்டு சபையை ஒத்திவச்சிருதாங்க அண்ணாச்சி. தேர்தலுக்கு முந்தி இதுதான் இவியளுக்குக் கடைசிக் கூட்டம்!"

கேள்வி வந்தேவிட்டது, அதுவும் தமிழில்! பேருந்தே கழுத்தை நீட்டியது. அமைச்சரோ இந்தியில் பதில் சொன்னார்.

"இந்தி தெரிஞ்சவிய யாராவது இருக்கீயளா?" என்று முதலாளி கத்தினார்.

பின்னிருக்கையிலிருந்த வடநாட்டுத் தொழிலாளி, "லைட்டரை நிறுத்துவாங்களாம் சார்" என்றார்.

"எப்பம்யா?"

"அது சொல்லல."

"அதுக்கென்ன, அடுத்த சபையில கேட்டுருவோம்!" என்று அவரைக் கட்டிக்கொண்டார்.

கோவில்பட்டியில் துள்ளி இறங்கிப் போன அந்த மனிதரின் ஆலை, அடுத்த சபை கூடும்வரை தாங்கியதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.