பொழுதுக்குள் வீடு சேர ஓர் எஞ்சின்

போன வெள்ளிக்கிழமை காலையில் தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. திண்டிவனத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய். அவர் என்னைக் கூப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. இன்னா பாய், காலங்காத்தால என்று கேட்டேன். "தரணி சாரு போய்ட்டாரு மேடம். ராத்திரி தூக்கத்துலயே," என்றார். தோசை கருகிப்போனது. என் வீட்டுக்காரர்தான் வந்து அடுப்பை அணைத்தார்.

விழுப்புரத்து மண் பரிசோதனை நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தரணேந்திரன் என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. நமக்கெல்லாம் அவர் தரணி சார். உங்களில் பாதிப் பேர் அவரை "அஞ்சு மணி சார்" என்றுதான் நினைவு வைத்திருப்பீர்கள். நாம் பேருந்தை விட்டு இறங்கும் முன்பே அவர் வந்து வேலையைத் தொடங்கியிருப்பார். அதற்கு ஈடாக அதிகாரியிடம் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் பையைத் தூக்குவார். பெண்டாட்டிக்குப் பயந்த மனுஷன் என்று கேலி பேசினோம். நானும்தான் பேசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அவரைப் போலவே எனக்கும் வீடு திண்டிவனத்தில் என்பதால், சொந்தமாக அவர் வைத்திருந்த பத்மினி காரில் கூடப் போய்வரத் தொடங்கினேன். முன்னால் அகலமாக ஒரே சீட்டு, ஸ்டியரிங் ஓரத்திலேயே கியர், கதவோரம் திறந்து வைத்துக்கொள்ள ஒரு முக்கோணக் கண்ணாடி. பார்க்க லட்சணமான வண்டிதான். எஞ்சின் மட்டும் கிழடு. ஒரு சாயங்காலம் விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. ஓரங்கட்டினோம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு வழியில்லை. இவரோ எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. சாலையோரம் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்படி என்ன சார் தெரிகிறது என்று கேட்டேன். "பொழுது போவுது மேடம்," என்றார்.

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை. சாருக்கு வெளியூர் போனால் அதில் முன்னே பின்னே இருக்கும். அவர் மனைவி மருதேவியம்மா இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். அது மட்டுமல்ல, புருஷன் வராமல் அந்தம்மா தட்டைத் தொடுவதும் இல்லை. ஆக, இவர் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் இரண்டு பேருக்கும் ராப்பட்டினி. அந்தம்மாவுக்குச் சர்க்கரை வேறு. மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுக்கவே கூடாது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ முதலில் சாப்பிட்டுவிடு என்று இவர் சொல்லாத நாளில்லை. கேட்டால்தானே!

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். மருதேவியம்மா கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் கட்டுப்பாடு எங்களோடு, நீங்கள் சாப்பிடுங்கள் என்று எனக்கு இலை போட்டுவிட்டார். மறுக்க மறுக்கச் சோறும் பூசணிக்காய்க் கூட்டும் பரிமாறினார். புருஷனும் பெண்டாட்டியும் பசியோடு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு இலையை மூடினேன். மறுநாளிலிருந்து அலுவலகத்தில் யாராவது "அஞ்சு மணி சார்" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அதற்காக ஐந்து மணி அடித்ததும் எதையும் போட்டது போட்டபடி ஓடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் அவர் பையைத் தூக்கிய நேரம் பார்த்து, செஞ்சிக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை மண்ணைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன் நான். சார் பையைக் கீழே வைத்தார். "மண்ணு எங்கியும் ஓடாது மேடம். ஆனா அந்த ஆளு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்காரு," என்றார். பதிவு செய்து, என்ன ஏது என்று விசாரித்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார். கார் கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது மேற்கே சிவப்புகூட மிச்சமில்லை.

பிறகு ஒரு மாசி மாதத்தில் மருதேவியம்மா சமையலறையில் மயங்கி விழுந்தார். முந்தின ராத்திரியும் கார் வழியில் நின்றிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஊசி போட்டுத் தெளிய வைத்தார்கள். சார் இடமாற்றம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அந்த ஓட்டை வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு ஒன்று வாங்கித் தொலையுங்கள் சார் என்று சண்டையே போட்டேன். புதுக்காரில் அந்தம்மா ஏறமாட்டாராம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வருமாம். பஸ்ஸிலும் அதே கதைதான். பத்மினியில் அந்த முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவைத்து, முகத்தில் காற்று அடிக்க உட்கார்ந்தால்தான் மேல்சித்தாமூர் கோயில்வரைக்கும் போய்வர முடியும். ஆகவே கார் அதேதான், எஞ்சினை மட்டும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனத்தில் பட்டறை. பழைய ஜிப்சி ஜீப்பிலிருந்து கழற்றிய நல்ல எஞ்சின் ஒன்று வைத்திருந்தார். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் வைத்தது. அதைவிடப் பிந்தி வந்த, கம்ப்யூட்டர் பெட்டியோடு ஓடுகிற எஞ்சினைப் போட்டுக்கொண்டால் பேஜாரே இருக்காது என்றும் அவரே சொன்னார். சார் கேட்கவில்லை. "கார்புரேட்டர் அடைச்சிக்கினா ரோட்டுலயே கழட்டி ஊதிட்டு கெளம்பிடுவேன் பாய். உங்க பொட்டி நின்னுச்சுன்னா ஆளைத் தேடிக்கினு போவணும். அதுக்குள்ள இருட்டிடும்," என்றார். எதை எடுத்தாலும் அவருக்குக் கணக்கு சூரியனோடுதான்.

சித்திரையில் வண்டியைப் பட்டறையில் விட்டார். ஒரு மாதத்தில் ஆகிவிடும் என்றுதான் பேச்சு. புது எஞ்சினோடு வந்த கியர் பெட்டிக்கும் பின்சக்கரத்துக்குப் போகிற தண்டுக்கும் நீளம் ஒத்துவரவில்லை. கியர் கம்பி ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு வந்தது; அதற்காகத் தரைத் தகட்டை வெட்டினார்கள். எல்லாம் சரியான பிறகு பானெட் மூடவில்லை. கார்புரேட்டரின் மேல் உட்காரும் காற்று வடிகட்டி தூக்கிக்கொண்டு நின்றது. பானெட்டில் ஓட்டை போட்டு மேலே ஒரு மூடி வைத்துவிடலாம், அரைநாள் வேலை என்றார் பாய். அந்த அரைநாள் வேலைக்குத்தான் சார் சம்மதிக்கவில்லை. மூக்கு முளைத்த மாதிரி ஒரு காரில் அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். சரி, எஞ்சினைக் கொஞ்சம் கீழே இறக்கலாம் என்றார்கள். அடியில் இடித்தது. மறுபடி தூக்கினார்கள். இப்படியே ஆடியும் போனது, ஆவணியும் போனது.

அந்த மாதங்களில் நாங்கள் பஸ்ஸில்தான் போய்வந்தோம். கோடையில் பொழுது நீளம் அல்லவா? திண்டிவனத்தில் இறங்கும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். நேரே வீட்டுக்குப் போனால் உட்கார்ந்து நிதானமாகவே சாப்பிடலாம். இந்த மனுஷன் எங்கே போனார் தெரியுமா? பட்டறைக்கு! அஞ்சு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறேன் என்பார். எஞ்சினுக்குள் தலையை விட்டவர் நிமிரும்போது பாய் குண்டு பல்பைப் போட்டிருப்பார். எந்தச் சாப்பாட்டுக்காக அந்த எஞ்சினை மாற்றினாரோ, அந்தச் சாப்பாட்டை அதைப் பார்த்துக்கொண்டே நின்று கோட்டை விட்டார். கெட்டிக்காரர்தான், இதில் மட்டும் புத்தி எங்கே போயிற்றோ. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மருதேவியம்மாவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கார் எப்போது வருகிறதாம் என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். "காரு வர்றப்ப வரட்டும் மேடம். அவர வரச் சொல்லுங்க," என்றார். திங்கட்கிழமை பஸ்ஸில் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சிரித்தார். "வண்டி மட்டும் வந்துடட்டும், அப்புறம் ஆயுசுக்கும் நேரத்துக்குத்தான் போவப்போறேன். அவளுக்கு இன்னா அவசரம்?" என்றார். அன்றைக்கும் பட்டறை வழியாகத்தான் போனார்.

ஐப்பசி மழையில் அந்தம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டியது. முண்டியம்பாக்கத்தில் சேர்த்துப் பார்த்தார்கள், ஒரே வாரத்தில் போய்விட்டார். பட்டினி கிடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். சார் தலையைத் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு காதர் பாய் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எஞ்சினைத் தாங்குகிற கட்டைகளைப் புதிதாக அடித்து, வடிகட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, பானெட்டில் ஒரு கீறல் விழாமல் மூட வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சார் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் நானும் கூட வந்தேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் பின்னால் போயின. கார்த்திகை மாதப் பொழுது, சீக்கிரம் சாய்கிற பொழுது; அப்படியும் நாங்கள் திண்டிவனத்தில் அவர் வீட்டு முன்னால் நின்றபோது எதிர்ச் சுவரில் வெயில் இருந்தது. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. தரையிலிருந்து எழுந்து நின்ற அந்தக் கியர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். இது அவள் காலில் இடிக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன் என்றார். பிறகு வெளியே பார்த்தார். "பாருங்க மேடம். இன்னும் வெளிச்சம் இருக்குது," என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. வெயில் சுவரை விட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒருநாள்கூட அந்த வண்டி நிற்கவில்லை, கொதிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்து, தானே பொங்கி, தனியே சாப்பிட்டார். பட்டறைப் பக்கம் அவர் போகவே இல்லை. பாய்க்கு அதில் மனத்தாங்கல் உண்டு. என்மேல் கோபமா என்று என்னிடம் கேட்டார். உங்கள் மேல் இல்லை பாய் என்றேன். அவருக்கும் புரிந்தது.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்காக நாங்களும் பொழுதோடு சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலச் சமையல் அவர் கையில். ஒருநாள் அவர் பரிமாறிவிட்டுக் கூப்பிடுகிறார், நான் யாருடனோ போனில் பேசிக்கொண்டு இதோ வர்றேன், இதோ வர்றேன் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். சாரும் என் வீட்டுக்காரரும் தட்டின் முன்னால் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்து, ஆறிப்போனால் என்ன சார், சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று சமாளித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சோத்தை சூடு பண்ணிக்கலாம் மேடம். காத்துக்கினு இருந்தாரு பாருங்க, அதை இன்னா பண்ணுவீங்க?"

காரை அவருடைய அண்ணன் மகன் எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு. எடுத்துக்கொள்ளட்டும், நல்ல எஞ்சின், இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும். நான் வைத்துக்கொண்டது அவர் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும்தான். அவரைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது; நீங்களும் எழுதுங்கள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். சோறு போட்டாயிற்றாம். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.