வலது பக்கம் வந்த நெஞ்சுவலி

மகன் சுருளிப்பட்டியை விட்டுத் தேனிக்குத் தனிக்குடித்தனம் கிளம்பினான். எல்லாம் மருமகள் போட்ட தூபம் என்று எனக்கு ஆத்திரம். முந்தின நாள் டிவி நாடகத்தில் ஒரு மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவள் மகன் போகவில்லை. நானும் பெட்டி வாசல் தாண்டும் நேரம் பார்த்து விழுந்தேன்.

மகன் பதறி ஓடிவந்தான். மருமகள் நிதானமாகக் குனிந்தாள்.

"அத்தே, நேத்து அந்தம்மா இடது பக்கமுல்ல புடிச்சாக? நீங்க வலது பக்கம் புடிச்சிருக்கீக."

"எனக்கு எங்கன வலிக்கணும்னு நீ சொல்லாதடி!" என்று கத்திவிட்டேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஒரு செம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

பஸ் போன பிறகு எழுந்து குடித்தேன். "போகாதப்பா" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் நின்றிருப்பானோ என்னவோ. அதை மட்டும் நான் கேட்கவே இல்லை.