டைம்கீப்பர் ரிலீவர் கேட்ட கதை

பஸ் டிப்போ வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருப்பவரை டிப்போ முழுக்க டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதை அவரே மாதத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பார். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். ஹாரனைக் கேட்டே முனையில் திரும்புவது எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். ஒரு வண்டி எப்போது போய்ச் சேரும் என்று அவர் சொல்லிவிட்டால், மரியாதைக்காவது அது அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தொலைதூர வண்டி ஓட்டி வந்தவரை, ஓய்வு முடியாமல் இன்னொரு வண்டியில் ஏற்ற மாட்டார். ஆள் இல்லை என்று மேனேஜரே கூண்டுக்கு முன்னால் வந்து தலையைச் சொறிந்தாலும் நடக்காது.

"தூங்கி விழறவன் கையில ஸ்டியரிங்கக் குடுக்கச் சொல்றீங்களே சார், உங்க வீட்டு ஆளுங்க அந்த வண்டியில வராங்களா?" என்பார். மேனேஜர் சொறிந்த தலையோடு திரும்பிப் போவார்.

ஊருக்கு இவ்வளவு உபதேசம் செய்தவர் தன் விஷயத்தில் என்ன செய்தார் என்பதுதான் கதை.

மனைவி போன பிறகு ஒரே மகனைத் தனியாளாக வளர்த்தவர் அவர். மகன் கட்டிக்கொண்ட பெண்ணின் அப்பா வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் அப்படியே, தாயில்லாத பெண்ணைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். ஒரே கஷ்டத்தைப் பட்ட இரண்டு பேர் ஒட்டிக்கொள்ள வேண்டாமா? ஒட்டவில்லை. ஒருவர் விடாக்கண்டன், மற்றவர் கொடாக்கண்டன். நேரில் பார்த்தால் "வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி" என்று தேன் ஒழுகும். ஒழுகி முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனை எடுப்பார்கள்.

"உன் மாமனார் குடுத்தாருன்னு கண்ட சிரப்பையும் குடிக்காதடா" என்று மகனிடம் இவர்.

"உன் மாமனார் சோத்தக்கூட மணி பார்த்துத்தான்மா முழுங்குறாரு" என்று மகளிடம் அவர்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மருமகள், ஒரு நாள் இரண்டு பேர் போனிலும் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். "மாமா, அப்பா, ரெண்டு பேரும் இனிமே இதுல அடிச்சுக்குங்க. எங்கள விட்டுடுங்க."

அது பேஸ்பால். இருவரும் அந்த மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் அவள் அதைத் தேடிப் பிடித்தாள். தெரிந்த ஆட்டமாக இருந்தால், யாருக்கு அதிகம் தெரியும் என்று அதற்குத் தனியாக ஒரு சண்டை வரும்.

இந்த விளையாட்டில் நாம் ஓடவும் வேண்டாம், பந்தை அடிக்கவும் வேண்டாம். அணிக்கு மேனேஜர் நாம். யார் இறங்க வேண்டும் என்று சொன்னால் போதும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஆடிக் காட்டிவிடும். முக்கியமான ஆள் பந்து வீசுகிற பிட்சர். அதில் இரண்டு ரகம். ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் வீசுகிறவர் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் வந்து, கொஞ்ச நேரம் வீசி முடித்துக் கொடுப்பவர் ரிலீவர். ஸ்டார்ட்டர் ஓர் ஆட்டம் ஆடினால் சில நாள் ஓய்வெடுக்க வேண்டும். ஒவ்வொருவர் படத்துக்கும் பக்கத்தில் ஒரு கோடு: தெம்பு இருந்தால் பச்சை, குறையக் குறைய மஞ்சள், கடைசியில் சிவப்பு.

"அட, இது நம்ம டூட்டி சார்ட்டுதானே!" என்றார் டைம்கீப்பர். "ஸ்டார்ட்டர் தொலைதூர டிரைவர், ரிலீவர் ஸ்பேர் டிரைவர்."

"வேளைக்கு ஒண்ணு, அதுக்கு மேல கூடாது. மாத்திரை மாதிரி" என்று புரிந்துகொண்டார் மருந்துக்கடைக்காரர்.

ரிலீவரை இறக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மைதானத்தின் ஓரத்தில் நின்று கொஞ்சம் வீசிப் பார்க்கும்படி அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு பொத்தான். கை சூடாகாமல் இறங்கினால் பந்து தறிகெட்டுப் போகும். மருந்துக்கடைக்காரர் இதில் கில்லாடி. தேவைப்படுமோ படாதோ, முன்கூட்டியே ஒருவரை ஓரத்தில் நிறுத்திவைத்துவிடுவார். டைம்கீப்பர் ஒவ்வொரு தடவையும் மறந்து தொலைப்பார். அவருடைய ரிலீவர் வந்த வேகத்தில் எதிரணிக்கு ரன்னை வாரி வழங்குவார். உடனே போனில் ஒரு செய்தி வரும்: "சூடு பண்ணாம இறக்காதீங்க சம்பந்தி." கூடவே ஒரு சிரிக்கும் மூஞ்சி. அந்த மூஞ்சியைக் கண்டாலே டைம்கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி அடித்துக்கொண்டிருந்தபோது மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்தது. பிள்ளை பிறந்த பிறகு அவள் நன்றாகப் படுத்து எழ வேண்டும், ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு அப்பாக்களும் அன்றைக்கே பையைத் தூசி தட்டினார்கள். ஆனால் மகன் வேலை பார்க்கும் ஊரில் குடியிருந்தது தீப்பெட்டி வீடு. ஒருவர் வந்து தங்கலாம். இரண்டு பேர் வந்தால் ஒருவர் பாத்ரூமில்தான் படுக்க வேண்டும். முதல் மாதம் யார்?

"என்னக் கேக்காதீங்க" என்று மருமகள் கையெடுத்துக் கும்பிட்டாள். மகனோ யாரும் கேட்பதற்கு முன்பே ஆபீசுக்கு ஓடிவிட்டான்.

கடைசியில் பெரியவர்களே முடிவு செய்தார்கள். பேஸ்பால் சீசனின் இறுதித் தொடரில் ஜெயிப்பவர் முதல் மாதம் போவது. ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தால் கோப்பை. கேட்பவர்களுக்கு இது சிரிப்பு. டைம்கீப்பருக்கு அப்படி இல்லை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது டூட்டி டூட்டி என்று ஓடியதில், அவன் குப்புற விழுந்ததையும் பார்க்கவில்லை, முதல் முதலாகச் சிரித்ததையும் பார்க்கவில்லை. இந்த ஒரு மாதத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் இரண்டு ஆட்டமும் போயிற்று. இரண்டிலும் ஸ்டார்ட்டர் கட்டிக் காத்ததை ரிலீவர்கள் கோட்டை விட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஆத்திரம் தாங்காமல், ஓய்வில் இருந்த ஒரு ஸ்டார்ட்டரை விரலால் இழுத்து ரிலீவர் இடத்தில் போட்டுப் பார்த்தார். விளையாட்டு ஒன்றும் சொல்லவில்லை. கோடு மஞ்சளில் இருந்தது. ஆனாலும் ஸ்டார்ட்டர் ஸ்டார்ட்டர்தானே! நான்கே பந்தில் எதிரணியின் கதை முடிந்தது. நான்காவது ஆட்டத்தில் இருக்கிற ஸ்டார்ட்டர்களை எல்லாம் ஒருவர் பின் ஒருவராக ரிலீவராக இறக்கினார். அதுவும் ஜெயம்.

மருந்துக்கடைக்காரர் போனிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சம்பந்தி அநியாயம் இது? ஓய்வுல இருக்க வேண்டிய ஆளுங்கள இழுத்துட்டு வந்து இறக்குறீங்க?"

"சட்டத்துல கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"உங்க டிப்போவுல இப்படிச் செய்வீங்களா?"

"டிப்போவுல பேரப்புள்ள கிடையாது சம்பந்தி!"

ஐந்தாவது ஆட்டம் வந்தது. டைம்கீப்பர் மதிய இடைவேளையில் கூண்டுக்குள் போனைத் திறந்தால், அவருடைய ஸ்டார்ட்டர்கள் அத்தனை பேரும் சிவப்பு. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. பச்சையாக இருந்தது ஒரே ஓர் ஆள்: சீசன் முழுக்க இறங்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு ரிலீவர். இவர் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஸ்டெப்னியையே ஸ்டார்ட்டராக மாட்டினார். ஸ்டெப்னி என்னமாய் ஓடினான்! கடைசி இன்னிங்ஸ் வரை இழுத்துவந்து, ஒரு ரன் முன்னிலையில் நிறுத்திவிட்டு, பஞ்சர் ஆனான்.

டைம்கீப்பரிடம் வேறு ஆள் இல்லை. சிவப்பிலும் சிவப்பாக இருந்த முதல் ஸ்டார்ட்டரை ரிலீவராக இறக்கினார். சூடு பண்ணும் பொத்தான் ஞாபகம் வந்தபோது அவன் களத்துக்கே வந்துவிட்டிருந்தான். வீசியதெல்லாம் எங்கெங்கோ போயிற்று. மூன்று மூலையிலும் எதிரணி ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள். கடைசிப் பந்தை ஒருவன் வானத்துக்குத் தூக்கி அடித்தான். அது கீழே வருவதற்குள் டைம்கீப்பர் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பந்து ஒருவன் கையில் போய் விழுந்தது. பிடித்துவிட்டான்!

கூண்டுக்குள் நாற்காலி பறந்தது. கண்ணாடிக்குள் தைதை என்று குதிக்கும் டைம்கீப்பரை டிரைவர்கள் வண்டியிலிருந்து இறங்கிவந்து பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் கதவைத் தட்டினான்.

"என்ன சார், மேனேஜருக்கு ட்ரான்ஸ்ஃபரா?"

"அதுக்கும் மேலடா!"

சிரிக்கும் மூஞ்சி வரவில்லை. மருந்துக்கடைக்காரரே கூப்பிட்டார். "ஜெயிச்சிட்டீங்க. முதல் மாசம் உங்களுது. அது முடியற வரைக்கும் நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. டைம்கீப்பர் இருந்த குஷியில் அதெல்லாம் காதில் ஏறவில்லை.

பேத்தி பிறந்தாள். டைம்கீப்பர் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார். குளிப்பாட்ட நான், தூங்க வைக்க நான், துணி அலச நான் என்று எல்லாவற்றுக்கும் முந்தினார். "நீ வேலைக்குப் போறவன், தூங்குடா" என்று மகனை விரட்டினார். "நீ எழுந்திரிக்கக் கூடாதும்மா" என்று மருமகளை அதட்டினார். பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் விரலை எடுக்க மனம் வராமல் அப்படியே வளைந்து உட்கார்ந்திருப்பார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் ஆயுசில் அனுபவித்ததில்லை.

ஆனால் பேத்திக்கு டைம்டேபிள் கிடையாது. நினைத்தபோது அழுதாள், நினைத்தபோது விழித்தாள். ஒரு வாரத்தில் டைம்கீப்பர் பால் பாட்டிலைச் செருப்பு வைக்கும் பெட்டியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். தோளில் துண்டு என்று நினைத்துக் குழந்தையின் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பேப்பர்காரருக்குப் பணம் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் தினமும் மகளைப் போனில் கூப்பிடுவார். அவர் பேசும்போது குப்பை லாரி போட்டுக்கொண்டு போகும் பாட்டு போனிலும் கேட்கும், ஜன்னலிலும் கேட்கும். ஹாரனை வைத்தே வண்டியைச் சொல்கிறவர், 'எல்லா ஊர்லயும் ஒரே பாட்டுதான் வெச்சிருக்கான்' என்று நினைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

ஒரு நாள் காலையில் வெந்நீர் வைத்துவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டார். தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, புகை வந்தது. எழுந்திருக்கக் கூடாத மருமகள் எழுந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"மாமா, உங்க கண்ணப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்குன்னு."

அவர் கண்ணாடியில் பார்த்தார். கோடு சிவப்பாக இருந்தது. இந்த நிலைமையில் ஒரு டிரைவர் வந்து நின்றிருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு விரட்டியிருப்பார். இந்தக் கையில் குழந்தையைக் கொடுத்துவைத்திருக்கிறார்களே என்று நினைத்தார்.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க. அதை மறந்துடுங்க. எனக்கு ரிலீவர் வேணும்."

அந்தப் பக்கம் தடதடவென்று ஏதோ சத்தம் கேட்டது.

"உங்கள மாதிரி ஸ்டார்ட்டர ரிலீவரா கூப்பிடறது தப்புதான். வேற யாரக் கூப்பிடுவேன்? உங்க ஊர்லேர்ந்து காலை வண்டி போயிருக்கும். மத்தியான வண்டியப் பிடிச்சீங்கன்னா விளக்கு வைக்கற நேரத்துக்கு வந்துடலாம். அது வரைக்கும் நான் எப்படியாவது..."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மருமகள் திறந்தாள். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் மருந்துக்கடைக்காரர். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று மாடிப்படியில் எங்கோ கழன்றிருந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

டைம்கீப்பருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டியின் நேரம் தப்பியது. "எந்த பஸ்ஸுல வந்தீங்க?"

"எந்த பஸ்ஸுலயும் இல்ல. எதிர் லாட்ஜுல இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வந்த அன்னிக்கே. கடைய தம்பி பார்த்துக்கறான்." அவர் உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். "என்ன பார்க்கறீங்க? நான் சூடு பண்ணாம இறங்குற ஆளா?"

"இவ்வளவு கிட்ட இருந்துட்டு, பேத்திய வந்து பார்க்கலியே சம்பந்தி!"

"தோத்தவன் எப்படி வருவான்? நீங்க பால்கனிக்குத் தூக்கிட்டு வரப்ப பார்ப்பேன். துணி மூட்டை மாதிரிதான் தெரியும். நேத்து ஒரு கை வெளிய வந்துது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

டைம்கீப்பர் பேத்தியைத் தூக்கிவந்து சம்பந்தி கையில் வைத்தார். அவர் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அவள் கொட்டாவி விட்டாள், அவர் அழுதார், உடனே சமாளித்துக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்துக்கொள்ளும்படி மோவாயால் காட்டினார்.

"ரூம் சாவி. போய்த் தூங்குங்க. ஓய்வு முடியாம வந்தீங்கன்னா வண்டியில ஏத்த மாட்டேன்."

டைம்கீப்பர் தெருவைக் கடந்து லாட்ஜ் மாடிக்குப் போனார். கட்டில் சுவரோரமாக இருந்தது. நாற்காலி மட்டும் ஜன்னலை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தால் எதிரே மகன் வீட்டுப் பால்கனி. சம்பந்தி அங்கே வந்து நின்று, துணி மூட்டையிலிருந்து ஒரு சின்னக் கையை எடுத்து இவரைப் பார்த்து ஆட்டிக் காட்டினார். இவரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து, மணி பார்க்காமல் தூங்கினார்.