கழிப்பறைக் கதவை மறித்த மிலிட்டரி

அவசரப் பிரிவின் மூத்த நர்ஸ் ஓர் அதட்டல் போட்டால், நின்றுபோன இதயமும் எழுந்து சல்யூட் அடித்துவிட்டுத் துடிக்க ஆரம்பிக்கும். சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். ஆனால் குறட்டை விட்ட டாக்டர்கள் விறைப்பாக எழுந்து நின்றது நிஜம். 'மிலிட்டரி' என்று பட்டப்பெயர் வைத்தவர்களே, ஊசி என்றால் அவள் கையால்தான் வேண்டும் என்பார்கள். ரத்தம், அலறல் எதற்கும் அசையாதவளுக்கு, அவசரமாக எழுதிய கேஸ் ஷீட்டைக் கண்டால் மட்டும் பொறுக்காது.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணை அவளுடைய அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் விருந்து. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. கண் விழித்தபோது யாருடைய அறையிலோ கிடந்திருக்கிறாள், சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டபடி. புது டாக்டர் எட்டிப் பார்த்தார். 'மது மயக்கம். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பவும்' என்று எழுதியும் முடித்தார்.

"அவ குடிக்கவே மாட்டா சார். ஜூஸ்தான் குடிச்சிருக்கா," என்றாள் அக்கா.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

மிலிட்டரி குனிந்து பார்த்தாள். பேச்சு குழறுகிறது, மது வாடை துளியும் இல்லை. வெறும் ஜூஸுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஞாபகத்திலிருந்து காணாமல் போகுமா? அதற்குள் அந்தப் பெண் எழுந்து, சுவரைப் பிடித்தபடி கழிப்பறைப் பக்கம் நடந்தாள். நல்ல ஆதாரம் தண்ணீரோடு போகப்போகிறது! மிலிட்டரி தான் ஏந்தியிருந்த மருந்து டிரேயை டாக்டர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கதவை மறித்தாள்.

"கண்ணு, ஒரு நிமிஷம். யாராச்சும் உனக்கு எதையாவது கலந்து குடுத்திருக்கலாம். மூத்திரத்துல தெரியும், ஆனா நேரம் ஆக ஆக போயிடும். இந்த டப்பாவுல பிடிச்சுத் தர்றியா? போலீஸுக்குப் போறதா வேணாமான்னு நீ மெதுவா யோசி. வேணாம்னாலும் சரிதான். இது மட்டும்தான் காத்திருக்காது."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், நான் எழுதிட்டேனே?" என்றார் டாக்டர், டிரேயும் கையுமாக.

"பேனா இன்னும் தீரலையே சார். அதை அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டு, புதுசா எழுதுங்க. இந்த வாட்டி அவளைக் கேட்டு."

டாக்டருக்குக் காது சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க: ஒரு கிளாஸ் ஜூஸ்," என்று மிலிட்டரியே கம்பீரமாகத் தொடங்கினாள்.

"அரை கிளாஸ்தான்." திரும்பி வந்திருந்த பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். "கசந்துச்சு, மீதியை வச்சுட்டேன். அதையும் எழுதுங்க."