சித்தி தோற்க வேண்டும்

எங்கள் சித்தி தோற்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய குடும்பம் நாங்கள். பரீட்சையில் பாஸாக, கல்யாணம் கூடிவர, காய்ச்சல் இறங்க என்று மாதா சிலை வைத்த அந்தக் கெபி முன்னால் எத்தனையோ பேர் முட்டி போட்டிருப்பார்கள். சொந்தத் தங்கை ஒரு ஷட்டில் ஆட்டத்தில் தோற்றே ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அநேகமாக என் அம்மா ஒருத்திதான். பக்கத்தில் நின்ற நானும் அதையேதான் வேண்டினேன். நான் அப்போது நான்காம் வகுப்பு. பயத்தில் சோறு இறங்கவில்லை.

சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் எங்களோடு தங்கி, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற வேலை. இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி, தாத்தா பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது பேச்சு. அப்பா அதே கம்பெனிக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டினார். எனக்குத் தாத்தாவும் பொருட்டில்லை, மாப்பிள்ளையும் பொருட்டில்லை. சித்தி போய்விட்டால் யாரைக் கட்டிக்கொண்டு தூங்குவது என்பதுதான் என் கவலை.

சித்திக்கு ஷட்டில் என்றால் உயிர். ஊரில் அரசுப் பள்ளியில் பழகியது. கம்பெனியில் கேன்டீன் பக்கத்து ஷெட்டில் டீ நேரத்தில் ஆடுவார்கள். லைனில் இருந்த பெண்களை எல்லாம் ஜெயித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் சூப்பர்வைசர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, "வா பாக்கலாம்" என்று கூப்பிட, அவரையும் நாலு பேர் பார்க்க ஓட ஓட அடித்துவிட்டாள். அந்த வாரமே நாள் பூராவும் நின்றுகொண்டே செய்கிற ஒரு இடத்துக்கு அவளை மாற்றிவிட்டார்கள். கேட்ட லீவும் கிடைக்கவில்லை. வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தால் கால் வீங்கும் என்பது எனக்கு அப்படித்தான் தெரியும்.

இந்த நிலையில் கம்பெனிக்குப் புதுத் தலைமை அதிகாரி வந்தார். இந்தோனேசியாக்காரர். அவரைவிட அவர் மனைவியைப் பற்றித்தான் பேச்சு. அந்த அம்மா ஒரு காலத்தில் ஷட்டிலில் உலகத்தையே ஜெயித்தவராம். இதைக் கேட்டதும் சித்தி அப்பாவின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த அம்மாவின் பழைய ஆட்டங்களைப் பார்ப்பதுதான் வேலை. படம் மங்கலாக இருக்கும். காக் என்கிற அந்த இறகுப் பந்து கண்ணுக்கே தெரியாது, இரண்டு பெண்கள் அங்குமிங்கும் ஓடுவது மட்டும் தெரியும். "காலப் பாருடீ, காலப் பாத்தா காக் எங்க கீதுன்னு தெரியும்" என்பாள்.

அந்த அம்மாவின் கதையை எனக்குச் சொன்னதும் அவள்தான். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அண்ணனுடைய பழைய மட்டை, அறுந்த நரம்புக்குப் பதிலாக மீன்பிடி நரம்பு கட்டியது. சின்ன வயதிலேயே வீட்டை விட்டுத் தலைநகரத்தில் ஒரு பயிற்சி முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் மாடிப்படி ஏறி இறங்கி ஓட வேண்டுமாம். அம்மா வேண்டும் என்று அழுதுகொண்டே ஓடுவாராம். இந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்துவிடும். பிறகு பல வருஷம் அவரை அசைக்க ஆள் இல்லை. வேகமாக அடிக்கிறவர் இல்லை, ஆனால் எங்கே அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். எதிராளி அடித்து அடித்தே ஓய்ந்துபோவாள். கடைசியில் முட்டி போயிற்று. அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து வளர்ந்த பெண்களிடமே முதல் சுற்றில் தோற்க ஆரம்பித்தார். அதில் ஒருத்தி, நொண்டுகிறாரே என்று இரக்கப்பட்டு மெதுவாக அடித்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரியே ஆட்டத்தை விட்டுவிட்டாராம். "தோத்ததுக்கு இல்லடீ, அவ பாவம் பாத்தா பாரு, அதுக்கு" என்று சித்தி சொன்னாள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கம்பெனியில் ஃபேமிலி டே என்று அறிவித்தார்கள். குடும்பத்தோடு போகலாம், பிரியாணி உண்டு. அதோடு, அந்த அம்மாவும் தொழிலாளர்களில் நன்றாக ஆடுகிற ஒருவரும் ஒரு ஆட்டம் ஆடுவார்கள் என்றும் முடிவு. யார் அந்த ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சித்தி தரையில் நிற்கவில்லை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தோ பாரு, சூப்பர்வைசர ஜெயிச்சதுக்கே அந்தப் பாடு பட்ட. இது பெரிய ஆளோட சம்சாரம். ஜெயிச்சுட்டு எங்க போய் நிப்ப? வூட்லயா?"

"அவுங்க இன்னா சாதா ஆளா மாமா? நா எங்க ஜெயிக்கிறது?"

"அதெல்லாம் அப்போ. படப்ப மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கினு இருந்தத நானே பாத்தேன். இத்தினூண்டு உயரம். முட்டில பட்ட கட்டினு கீது. படியே ஒவ்வொண்ணா எறங்குது. உனுக்கு இன்னா வயசு, அதுக்கு இன்னா வயசு? ஒழுங்கா தோத்துட்டு வா."

"காக்கு மேல வந்தா கை தானா போவுது மாமா. நா இன்னா பண்றது?"

அப்பா சாமான்யத்தில் கத்துகிறவர் இல்லை. அன்றைக்குக் கத்தினார். அம்மா அழுதாள். கடைசியில் சித்தி என் தலையில் கைவைத்து, தோற்றுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தாள். சத்தியத்தை மீறினால் தலை வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவும் என் தலை. வேலை போகும், சித்தி போவாள், போதாததற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

ஃபேமிலி டே அன்று அந்த ஷெட்டில் நிற்க இடமில்லை. டிராலி நிற்கிற இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டுவார்களே, அதே மஞ்சள் டேப்பில் கோடு போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா குள்ளமாக, முட்டியில் பட்டையோடு, எங்கள் தெருவில் யாரோ மாதிரி நடந்து வந்தார். அப்பா சொன்னது சரிதான், சித்தி இவரை ஜெயித்துவிடுவாள்.

சித்தி சொன்னபடி ஆரம்பித்தாள். முதல் பந்தை வலையில் அடித்தாள். அடுத்ததைக் கோட்டுக்கு வெளியே அனுப்பினாள். கைக்கு எட்டினதை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தாராளமாகக் கை தட்டினார். அம்மாவின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா சித்தியையே பார்த்தார். பிறகு தன் முறை வந்ததும், அவரும் பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தார். கூட்டம் சிரித்தது. மறுபடியும் அடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அம்மாவின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அந்த அம்மா வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு கோபம். மட்டையைச் சித்தியின் பக்கம் நீட்டி, "ப்ளே" என்றார். ஒரே வார்த்தை. திட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

சித்தி கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் என்னையும் பார்த்தாள். நான் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த காக் உயரமாக வந்தது. சித்தி எம்பி அடித்த அடியில் அது அந்தப் பக்கத்துத் தரையில் போய் மோதியது. யாரும் கை தட்டவில்லை. அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. என் தலை வெடிக்கவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே, அவ்வளவுதான். சித்தி எங்கே அடித்தாலும் அங்கே அவர் மட்டை இருந்தது. சித்திதான் மூலைக்கு மூலை ஓடினாள். விழுந்து சிமென்ட் தரையில் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. எழுந்து மறுபடி ஓடினாள். நின்று ஆடுகிறவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. சித்திக்கு அதற்குமேல் ஒரு பாயின்ட் கிடைத்ததோ என்னவோ.

முடிந்ததும் அந்த அம்மா நொண்டிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். சித்தியின் கையைப் பிடித்து, மட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். தோளில் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அப்பா விசிலடித்தார். கண்டம் தாண்டியதென்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிற்பாடு சித்தி பர்மனென்ட் ஆனாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோருமே ஆனார்கள். ஆட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

திரும்பும்போது வேனில் அப்பா முன்னால் ஓட்டிக்கொண்டே, "இன்னா நடிப்பு! கடசில ரெண்டு அடி நல்லா அடிச்சு, யாருக்கும் டவுட்டே வராம தோத்துச்சு பாரு" என்று அம்மாவிடம் மெச்சிக்கொண்டார். பின்சீட்டில் என் பக்கத்தில் சித்தியின் கன்னம் முழுக்கக் கண்ணீர். முழங்கை வலிக்கிறதாக்கும் என்று நான் ஊதிவிட்டேன்.

"வேல போவாது சித்தி, அழாத" என்றேன்.

அவள் குனிந்து என் காதில் சொன்னாள். "கடசில நா ஜெயிக்கத்தாண்டீ பாத்தேன். நெசமாவே பாத்தேன். முடில."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா காதில் விழுந்தால் இன்றைக்கே ஊருக்கு மூட்டை கட்டிவிடுவார். சட்டென்று அவள் வாயை என் கையால் பொத்தினேன். என் உள்ளங்கைக்கு அடியில் சித்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மோசமாகத் தோற்றவளுக்கு என்ன சிரிப்பு என்று புரியாமல், படப்பை வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.