நாலாம் அறையின் காலி டப்பா

எங்கள் விடுதிச் சமையல்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் உப்பு அக்கா. உப்பு கூடிவிட்டது என்று யாராவது முணுமுணுத்தால் போதும், கையில் கரண்டியோடு வந்து நின்று, எந்தப் பருக்கையில் கூடியது என்று காட்டச் சொல்வாள். ஆறு வருடத்தில் ஒருத்தியும் காட்டியதில்லை.

தொற்று வந்து பல்கலைக்கழகத்தை மூடியபோது, வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஒன்பது பேர் மாடியில் மாட்டிக்கொண்டோம். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பூட்டு. அக்கா டிபன் டப்பாவை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போவாள். திரும்பி வரும் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் எங்களை எடைபோடுவாள். மிச்சம் வைத்தவளுக்கு மாடிப்படியிலிருந்தே அர்ச்சனை நடக்கும். நானோ கணினியில் வகுப்பு நடக்கும்போதும் பிஸ்கட், முடிந்தாலும் பிஸ்கட் என்று கொறித்துவிட்டு, சோற்றைப் பாதி வைத்துவிடுவேன். நாலாம் அறைப் பெண்ணைப் பார், ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறாளா என்று கேட்டு என் மானத்தை வாங்குவாள்.

நாலாம் அறைக்காரி கணிதம் படிப்பவள். அவள் டப்பா கழுவித் துடைத்துத்தான் வரும். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதல்.

ஒரு நாள் அக்கா குப்பை கொட்ட விடுதியின் பின்பக்கம் போனாள். கூடத்து எச்சிலை நம்பிப் பிழைத்த மூன்று பூனைகள், இந்நேரம் எலும்பும் தோலுமாக இருக்கவேண்டியவை, நகர முடியாத தொப்பையோடு கிடந்தன. நேர் மேலே நாலாம் அறை ஜன்னல்.

அக்கா படியேறி வந்து நாலாம் அறைக் கதவைத் தட்டினாள். இன்று நல்ல வேடிக்கை என்று நானும் என் கதவைத் திறந்துவைத்துக்கொண்டேன். வெளியே வந்தவளைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் சட்டைக்குள் இன்னொருத்தி நுழையலாம்.

"தனியா உக்காந்தா ஒரு வாய்கூட இறங்கலக்கா. நீங்க என்னப் பெருமையா சொல்றப்போ, எப்படி இதச் சொல்றது?"

அக்கா படியிறங்கிப் போனாள்.

மறுநாள் ஒரு மணிக்கு ஒன்பது வாசலிலும் ஒன்பது நாற்காலி போடச் சொன்னாள். தானும் மாடிப்படியில் டப்பாவோடு உட்கார்ந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கவேண்டும் என்பது உத்தரவு. நாலாம் அறைக்காரி முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். நாலாம் நாள் ஐந்து. பேச்சுச் சுவாரசியத்தில் எனக்கும் பிஸ்கட் மறந்துபோனது.

பத்தாம் நாள் அவள் பாதி டப்பாவில் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

நாங்கள் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அக்கா எந்தப் பருக்கை என்று கேட்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாடி, கூடித்தான் போச்சு" என்றாள்.

என் டப்பாவில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.